மதம், நம்பிக்கை பற்றிய ஆங்கிலச் சொற்கள்: பிரெஞ்சில் படிக்கிற பாக் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள்?

வெண்மதி93

வணக்கம். பிரான்சில் தெர்மினால், அதாவது பாக் எண்ட பள்ளியிறுதிப் பரீட்சை எழுதுற கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் குடுக்கிற ஆக்களிட்ட ஒரு விளக்கம் வேணும்.

ஆ.எம்.சே.யில் (இன்றைய ஆங்கில உலகம் பற்றின சிறப்புப் பாடம்) 'ஃபேர் சொசியெதே' (சமூகமாச் சேர்ந்து வாழுறது) பகுதி வந்தாலே மதச் சுதந்திரம், தலைத்துணி, அரசும் தேவாலயமும் எண்டு ஆவணங்கள் வரும். எல்.எல்.சே. (இலக்கியம் சார்ந்த சிறப்புப் பாடம்) எடுக்கிற பிள்ளைகளுக்கும் கதைப்பகுதிகளில் பாதிரியார், பூசை, சாபம், பேய் எல்லாம் வந்துபோகும். எழுத்துப் பரீட்சையில் ஆவணங்களை இணைச்சு எழுதுற 500 சொல் சேந்தேஸுக்கு 16 புள்ளி, மொழிபெயர்ப்புக்கு 4 புள்ளி. குணகம் 16 எண்டபடியால் அரைப் புள்ளியும் கனக்கும்.

சொற்பட்டியல் பாடமாக்கியாச்சு. யாத்திரை, நோன்பு, ஆயர், பாவம் எண்டு தனித்தனியாக் கேட்டால் பிள்ளைகள் டக்கெண்டு சொல்லுவினம். வசனமா எழுதச் சொன்னால் ஓரம் முழுக்க 'கால்க்' (பிரெஞ்சு அமைப்பை அப்படியே நகல் எடுத்தது), 'பார்பாரிஸ்ம்' (இல்லாத சொல்), 'ஃபோ சான்ஸ்' (பிழையான பொருள்). ஒரு பிள்ளை எழுதின வரி இது:

'ஹி இஸ் கத்தோலிக் அண்ட் ஹி அசிஸ்ட்ஸ் டு த மாஸ் எவ்ரி சண்டே பிகாஸ் ஹி பிலீஃப்ஸ் இன் த காட்.'

கத்தோலிக் எண்டதைச் சின்ன எழுத்தில் தொடங்கியிருக்கு. இதை எங்க தொடங்கித் திருத்துறது? 'லாயிசிதே'க்கு (அரசு மதத்திலிருந்து விலகி நிக்கிற பிரெஞ்சுக் கொள்கை) ஆங்கிலத்தில் என்ன எழுதுறது எண்டும் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

தேம்_திருத்தி

அந்த ஒரு வரியில் ஐந்து பிழை. சொல் தெரியாததால் வந்தது ஒன்றே ஒன்று: 'அசிஸ்ட்'. பிரெஞ்சில் 'அசிஸ்தே ஆ' என்றால் கலந்துகொள்வது. ஆங்கிலத்தில் 'அசிஸ்ட்' என்றால் உதவுவது, எனவே அந்த மனிதர் பீடத்தில் பாதிரியாருக்குக் கைகொடுக்கிறார் என்று பொருள்படுகிறது. 'அட்டெண்ட்' வேண்டும், அதற்குப் பின்னால் 'டு' வராது. மற்ற நான்கும் பெரிய எழுத்து, ஆர்ட்டிகிள், வினைச்சொல் வடிவம். திருத்தினால்: 'ஹி இஸ் எ கத்தோலிக் அண்ட் அட்டெண்ட்ஸ் மாஸ் எவ்ரி சண்டே பிகாஸ் ஹி பிலீவ்ஸ் இன் காட்.'

இலக்கணத்தைக் கடலோரம் என்ற உறுப்பினர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். நான் போலி நண்பர்களை, அதாவது 'ஃபோ ஸாமி'களை மட்டும் எடுக்கிறேன். இந்தத் தலைப்பில் அவை மற்ற தலைப்புகளைவிட அதிகம், காரணமும் உண்டு. இரண்டு மொழியும் ஒரே இலத்தீன் சொற்களை எடுத்துக்கொண்டன. ஒன்று கத்தோலிக்க நாட்டில் வளர்ந்தது, மற்றது ஆங்கிலிக்கன் நாட்டில் வளர்ந்தது. சொல் அதேதான், அது குறிக்கும் ஆள் வேறு.

மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, குறுக்காக மாறிக்கிடக்கும் இந்த ஜோடி. பிரெஞ்சு 'க்யூரே' பங்கின் தலைமைப் பாதிரியார். ஆங்கில 'க்யூரட்' அவருக்குக் கீழே இருக்கும் உதவியாளர். பிரெஞ்சு 'விக்கேர்' உதவியாளர். ஆங்கில 'விகர்' பங்கின் தலைவர், அதுவும் ஆங்கிலிக்கன். ஆக 'க்யூரே'க்கு 'பாரிஷ் ப்ரீஸ்ட்', 'விக்கேர்'க்கு 'க்யூரட்'. எதிர்த்திசையில், வெர்சியோனில் (ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்ப்பது) 'விகர்' வந்தால் 'பாஸ்தேர்' (புரொட்டஸ்டன்ட் போதகர்) என்று எழுதுவதே பாதுகாப்பு. 'க்யூரே' என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் அவருடைய மனைவி தேநீர் ஊற்றினால் திருத்துபவர் 'கோந்த்ர்சான்ஸ்' (பொருள் தலைகீழ்) போடாமல் என்ன செய்வார்? 'விகர்' பெண்ணாகவும் இருக்கலாம்; இங்கிலாந்துத் திருச்சபையில் 1994 முதல் பெண்கள் குருக்களாகவும் 2015 முதல் ஆயர்களாகவும் இருக்கிறார்கள். பிரதிப்பெயரைப் பார்த்த பிறகே பிரெஞ்சுச் சொல்லைத் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது 'கூல்த்', 'செக்த்'. பிரெஞ்சு 'கூல்த்' மரியாதையான சொல். வழிபாடு என்று பொருள். ஆங்கில 'கல்ட்' மூளைச்சலவை செய்யும் மூடிய குழு. 'லியே த கூல்த்' என்றால் 'ப்ளேஸ் ஆஃப் வர்ஷிப்', 'லிபெர்தே த கூல்த்' என்றால் 'ஃப்ரீடம் ஆஃப் வர்ஷிப்', 'மினிஸ்த்ர் த்யூ கூல்த்' என்றால் 'மினிஸ்டர் ஆஃப் ரிலிஜன்'. 'ஃப்ரீடம் ஆஃப் கல்ட்' என்று எழுதினால் ஆபத்தான குழுக்களுக்குச் சுதந்திரம் கேட்டதாக ஆகிவிடும். பிரெஞ்சு 'செக்த்' ஆங்கிலத்தில் 'கல்ட்'. ஆங்கில 'செக்ட்' பெரிய மதம் ஒன்றிலிருந்து பிரிந்த கிளை, அவ்வளவு கடுமையான சொல் அல்ல. 2001 ஜூன் 12 சட்டம் குறிவைக்கும் 'மூவ்மான் செக்தேர்' என்பதற்கு 'கல்ட்-லைக் மூவ்மெண்ட்ஸ்' என்று எழுதலாம், 'செக்டேரியன்' வேண்டாம்.

'செக்டேரியன்' ஆங்கிலத்தில் வேறு வேலை பார்க்கிறது. 'செக்டேரியன் வயலன்ஸ்' என்று வட அயர்லாந்து பற்றிய கட்டுரையில் வந்தால் அது இரு சமயப் பிரிவினருக்கு இடையிலான வன்முறை, பிரெஞ்சில் 'வியொலான்ஸ் அந்தெர்கொன்ஃபெசியொனேல்'. அதே கட்டுரையில் 1998 உடன்படிக்கையும் வரும்: 'குட் ஃப்ரைடே அக்ரிமெண்ட்'. அது 'வாந்த்ர்தி சான்', பெரிய வெள்ளி. 'போன் வாந்த்ர்தி' என்று எழுதும் தாள்கள் நிஜமாகவே வருகின்றன.

மற்றவை வேகமாக. புரொட்டஸ்டன்ட் 'தாம்ப்ள்' ஆங்கிலத்தில் 'சர்ச்', 'டெம்பிள்' அல்ல. ஞாயிறு 'ஒஃபீஸ்' என்பது 'சர்வீஸ்'. 'கொங்ரெகாசியோன்' துறவற சபையைக் குறித்தால் 'ஆர்டர்'. ஆங்கில 'காங்க்ரிகேஷன்' தேவாலயத்தில் கூடியிருக்கும் மக்கள். 'த கொன்ஃபெசியோன் ம்யூசுல்மான்' என்பதற்கு 'ஆஃப் த முஸ்லிம் ஃபெய்த்'. 'கன்ஃபெஷன்' போட்டால் பாவமன்னிப்பு. ஆங்கில 'டினாமினேஷன்' பெயர் அல்ல, கிறித்தவத்தின் ஒரு பிரிவு. திருப்பலியில் 'லெக்த்யூர்' என்பது 'ரீடிங்'. 'லெக்சர்' என்றால் விரிவுரை. 'அந்தெக்ரீஸ்த்' என்பவர் 'ஃபண்டமெண்டலிஸ்ட்'. 'எகோல் லீப்ர்' தனியார் கத்தோலிக்கப் பள்ளி. இங்கிலாந்தில் 'ஃப்ரீ ஸ்கூல்' என்பது 2010க்குப் பின் வந்த, அரசு பணம் கொடுக்கும் வேறொரு வகைப் பள்ளி, மதத்தோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டியதே இல்லை.

மூன்று உரிச்சொற்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், நல்ல மாணவர்களே விழும் இடம் இது. 'த்ரதிசியோன் செக்யுலேர்' என்பது நூற்றாண்டுகளாக வரும் மரபு: 'ஏஜ்-ஓல்ட் ட்ரடிஷன்'. 'செக்யுலர் ட்ரடிஷன்' என்று எழுதினால் மதமற்ற மரபு, பொருள் தலைகீழ். 'ம்யூசீக் ப்ரொஃபான்' என்பது 'செக்யுலர் மியூசிக்'. ஆங்கில 'ப்ரொஃபேன்' அசிங்கமான, இறைநிந்தனையான பேச்சு. 'சீஞ் ஒஸ்தான்சீப்ள்' என்பது 'கன்ஸ்பிக்யுவஸ் சிம்பல்ஸ்'. ஆங்கில 'ஆஸ்டென்சிபிள்' என்றால் மேலோட்டத்துக்கு அப்படித் தோன்றுவது, உண்மையில் அப்படி இல்லாதது. பள்ளிகளில் மதச் சின்னங்கள் பற்றிய 2004 மார்ச் 15 சட்டத்தைப் பற்றி எழுதும் எல்லாருக்கும் இந்தச் சொல் தேவைப்படும்.

கடலோரம்

திருத்தி அண்ணன் சொன்னதில் ஒரு சின்னச் சேர்க்கை. அமெரிக்கக் கத்தோலிக்கர்களிடம் உதவிப் பாதிரியாரின் பதவிப்பெயர் 'பரோக்கியல் விகர்'. அங்கே 'விகர்' உதவியாளர்தான். ஆவணம் அமெரிக்காவுடையதா பிரிட்டனுடையதா என்று மேலே உள்ள குறிப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள்.

இலக்கணத்துக்கு வருகிறேன். புள்ளி அதிகம் போவது இங்கேதான், ஏனென்றால் ஒரே பிழை பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

பெரிய எழுத்து. பிரெஞ்சில் மதமும் அதைச் சார்ந்த உரிச்சொல்லும் சின்ன எழுத்து. ஆங்கிலத்தில் மதத்தின் பெயர், அதைப் பின்பற்றுபவர், உரிச்சொல் மூன்றுக்கும் பெரிய எழுத்து. கிறிஸ்டியன், முஸ்லிம், ஜூயிஷ், ஹிந்து, புத்திஸ்ட், ப்ராட்டஸ்டன்ட் எல்லாம் அப்படியே. 'ஏதியிஸ்ட்', 'அக்னாஸ்டிக்' இரண்டும் மதத்தின் பெயர் இல்லை, சின்ன எழுத்து. ஒரே கடவுளைக் குறிக்கும் 'காட்' பெரிய எழுத்து. கிரேக்கக் கடவுளர் என்றால் சின்ன எழுத்து.

ஆர்ட்டிகிள். பிரெஞ்சில் 'ல', 'லா' வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒன்றுமே வராது: கிறிஸ்டியானிட்டி, இஸ்லாம், ரிலிஜன், ஹெவன், ஹெல், க்ரைஸ்ட், லெண்ட், ஈஸ்டர். விதிவிலக்காக 'த' நிற்பவை: த பைபிள், த குரான், த டெவில், த விர்ஜின் மேரி, த போப். போப்பின் பெயர் சேர்ந்தால் 'த' போய்விடும். 'கோ டு சர்ச்' என்றால் வழிபாட்டுக்குப் போவது. 'கோ டு த சர்ச்' என்றால் அந்தக் கட்டடத்துக்குப் போவது, கூரை பழுதுபார்க்கிறவரும் போகலாம். அரசும் தேவாலயமும் ஜோடியாக வந்தால் 'சர்ச் அண்ட் ஸ்டேட்', இரண்டுக்கும் ஆர்ட்டிகிள் இல்லை.

ஆளைக் குறிக்கும்போது இதற்கு நேர்மாறு. 'இல் எ பாஸ்தேர்', 'இல் எ அதே' என்று பிரெஞ்சில் வெறுமனே வரும். ஆங்கிலத்தில் 'எ பாஸ்டர்', 'அன் ஏதியிஸ்ட்' என்று 'எ' அல்லது 'அன்' வேண்டும். 'கத்தோலிக்' உரிச்சொல்லாகவும் வரும் என்பதால் 'ஹி இஸ் கத்தோலிக்' தவறில்லை, ஆனால் பெரிய எழுத்து கட்டாயம்.

சொற்பட்டியலை மூன்று நெடுவரிசையாக மாற்றி எழுத வையுங்கள்: மதம், ஆள், உரிச்சொல். கிறிஸ்டியானிட்டி, எ கிறிஸ்டியன், கிறிஸ்டியன். ஜூடாயிசம், எ ஜூ, ஜூயிஷ். இஸ்லாம், எ முஸ்லிம், பிறகு உரிச்சொல் இரண்டு: ஆளோடும் குடும்பத்தோடும் 'முஸ்லிம்', கலை, சட்டம் போன்றவற்றோடு 'இஸ்லாமிக்'. 'இஸ்லாமிஸ்ட்' அரசியல் சொல். அதை 'முஸ்லிம்' இடத்தில் போட்டால் மொழிப்பிழையோடு நிற்காது, கருத்துப்பிழையாகவும் எண்ணப்படும். 'கிறிஸ்டியனிசம்' என்ற சொல் பிரெஞ்சிலிருந்து கையால் செய்தது, அதுதான் ஓரத்தில் 'பார்பாரிஸ்ம்' என்று வருவது. 'இஸ்லாம் ரிலிஜன்' என்றும் கிடையாது.

'பிலீஃப்', 'பிலீவ்'. பெயர்ச்சொல்லுக்கு எஃப், வினைச்சொல்லுக்கு வி. பன்மையிலும் 'பிலீஃப்ஸ்' எஃப்போடே இருக்கும். 'லைஃப்', 'லைவ்ஸ்' போல மாறும் என்று ஊகித்து 'பிலீவ்ஸ்' என்று எழுதுவதுதான் பொதுவான பிழை. அந்தப் பிள்ளை எதிர்ப்பக்கமாக வினையில் எஃப் போட்டிருக்கிறது.

வேற்றுமைச் சொற்கள். 'க்ருவார் ஆ', 'க்ருவார் ஆன்' இரண்டுக்கும் 'பிலீவ் இன்'. ஒருவர் சொல்வதை நம்பினால் வெறும் 'பிலீவ்'. 'வர்ஷிப்' நேரடியாகச் செயப்படுபொருளை எடுக்கும், 'டு' கிடையாது. 'ப்ரே' கடவுளிடம் என்றால் 'டு', ஒன்றை வேண்டி என்றால் 'ஃபார்'. மதம் மாறுவது 'கன்வர்ட் டு'. 'ப்ரே'யில் ஏ எழுத்துக்குப் பதில் ஈ எழுதினால் அது இரை என்று ஆகிவிடும்; ஸ்பெல்லிங் செக்கர் இல்லாத மூன்றரை மணி நேரத்தில் இது நிறைய நடக்கும்.

'லே ஃபிதேல்' என்பதற்கு 'த ஃபெய்த்ஃபுல்'. எஸ் சேராது, ஆனால் வினை பன்மையில். ஒரு குறிப்பிட்ட நபரைச் சொல்ல இது உதவாது, 'எ வர்ஷிப்பர்' என்று மாற்ற வேண்டும்.

வெண்மதி93

ரெண்டு பேருக்கும் நன்றி. மூன்று நெடுவரிசை நல்லா விளங்குது. 'பிராத்திக்கான்' (மதத்தைக் கடைப்பிடிக்கிறவர்), 'நோன் பிராத்திக்கான்' (கடைப்பிடிக்காதவர்) எப்படி? 'லாயிசிதே'க்கு 'லெயிசிட்டி' எண்டு ஒரு பிள்ளை எழுதியிருக்கு, அகராதியில் இருக்கு எண்டு வாதாடுது.

முத்திரை

முதல் கேள்விக்குச் சுருக்கமாக: 'எ ப்ராக்டிசிங் கத்தோலிக்'. மதத்தைச் சொல்லாமல் 'ஹி இஸ் ப்ராக்டிசிங்' என்று விட்டால் பியானோவா என்று கேட்பார்கள். பிரிட்டிஷ் எழுத்துமுறையில் வினைக்கு எஸ், அமெரிக்க முறையில் சி. தாள் முழுக்க ஒன்றையே பிடிக்க வேண்டும். கிறித்தவர் என்றால் 'சர்ச்கோயர்' என்ற அழகான சொல் இருக்கிறது. ஒரு காலத்தில் கடைப்பிடித்து விட்டுவிட்டவர் 'எ லாப்ஸ்டு கத்தோலிக்'.

'லெயிசிட்டி' சில அகராதிகளில் இருப்பது உண்மைதான். ஆனால் ஆங்கிலம் மட்டும் தெரிந்த வாசகர் அதைப் பார்த்துப் புருவம் சுருக்குவார். திருத்துபவருக்கோ பிரெஞ்சுச் சொல்லுக்கு ஆங்கில வால் ஒட்டியதாகவே தெரியும். சேந்தேஸில் வேலை செய்யும் வழி: முதல் முறை பிரெஞ்சுச் சொல்லையே மேற்கோள் குறிக்குள் வைத்து, உடனே 'த ஃப்ரெஞ்ச் ஃபார்ம் ஆஃப் செக்யுலரிசம்' என்று ஒரு விளக்கம். அதன்பின் 'செக்யுலரிசம்' மட்டும். 'எத்தா லாயீக்' என்றால் 'செக்யுலர் ஸ்டேட்'. ஆளாக வரும் 'ஆன் லாயிக்', திருச்சபைக்குள் குருவல்லாதவர், 'லேமன்' அல்லது 'லேபர்சன்'. அவர்கள் எல்லாரும் சேர்ந்து 'த லெயிட்டி'.

மொழிபெயர்த்துவிட்டால் போதாது. சொல்லுக்குப் பின்னால் உள்ள ஏற்பாடு நாட்டுக்கு நாடு வேறு, சேந்தேஸில் 16 புள்ளியின் பெரும்பகுதி அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

பிரான்சில் 1905 டிசம்பர் 9 சட்டம்: குடியரசு மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதிசெய்கிறது, எந்த வழிபாட்டையும் அங்கீகரிப்பதில்லை, சம்பளம் கொடுப்பதில்லை, மானியம் தருவதில்லை. அல்சாஸ்-மொசேலுக்கு 1801 கொங்கோர்தாவின் (அரசும் போப்பும் செய்த உடன்படிக்கை) கீழ் இன்றும் விலக்கு.

அமெரிக்காவில் 1791இல் வந்த அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில் மதம் பற்றிய பகுதி இரண்டு பாதி. ஒன்று 'எஸ்டாப்ளிஷ்மெண்ட்', மற்றது 'ஃப்ரீ எக்ஸர்சைஸ்'. 'எஸ்டாப்ளிஷ்மெண்ட்' இங்கே 'எதாப்லீஸ்மான்' அல்ல, நிறுவனமும் அல்ல. ஒரு மதத்தை அரசு மதமாக்குவது. 'செப்பரேஷன் ஆஃப் சர்ச் அண்ட் ஸ்டேட்' என்ற தொடர் அரசியலமைப்பில் இல்லை. பிரிக்கும் சுவர் என்ற உருவகம் ஜெஃபர்சன் 1802 ஜனவரி 1இல் டான்பரி பாப்டிஸ்ட் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. பொதுப் பள்ளிகளில் அரசு வகுத்த பிரார்த்தனையை உச்ச நீதிமன்றம் 1962இல் எங்கெல் எதிர் விட்டாலே வழக்கில் தடுத்தது. அதே நாட்டில்தான் கொடி உறுதிமொழியில் 'அண்டர் காட்' 1954இல் சேர்ந்தது, 'இன் காட் வி ட்ரஸ்ட்' 1956இல் தேசிய வாசகம் ஆனது. பிரெஞ்சு மாணவர் இதை முரண்பாடு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். அமெரிக்க ஏற்பாடு முதலில் மதத்தை அரசிடமிருந்து காப்பாற்ற வந்தது, பிரெஞ்சு ஏற்பாடு அரசைத் திருச்சபையிடமிருந்து காப்பாற்ற வந்தது என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் அது வாதம் ஆகிறது.

இங்கிலாந்தில் பிரிவினையே இல்லை. 'எஸ்டாப்ளிஷ்ட் சர்ச்' இருக்கிறது, மன்னர் அதன் 'சுப்ரீம் கவர்னர்', 26 ஆயர்கள் பிரபுக்கள் அவையில் 'லார்ட்ஸ் ஸ்பிரிச்சுவல்' என்று உட்காருகிறார்கள். வேல்ஸில் 1920 முதல் அப்படி இல்லை. அதற்கான சொல் 'டிஸ்எஸ்டாப்ளிஷ்மெண்ட்'. இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று 'ஃபெய்த் ஸ்கூல்'. இவ்வளவு இருந்தும் 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் கிறித்தவர் என்று சொன்னவர்கள் 46.2 விழுக்காடு, மதம் இல்லை என்றவர்கள் 37.2 விழுக்காடு.

ஆ.எம்.சே.க்கு இந்தியாவும் ஆங்கிலம் வழங்கும் நாடு. அங்கே 'செக்யுலர்' என்ற சொல் 1976இல் 42ஆம் திருத்தத்தால் முகப்புரையில் சேர்ந்தது. அரசு எல்லா மதங்களையும் சமமாக நடத்துவது என்பதே அங்கே வழக்கமான பொருள், மதத்தைப் பொதுவெளியிலிருந்து விலக்குவது அல்ல. இந்திய ஆவணத்தில் வரும் 'செக்யுலர்' என்பதை 'லாயீக்' என்று மொழிபெயர்த்தால் மார்ஜினில் கேள்விக்குறி விழ வாய்ப்பு உண்டு.

'வ்வால்' பற்றி ஒரு வரி: தலைமுடியை மட்டும் மறைப்பது 'ஹெட்ஸ்கார்ஃப்' அல்லது 'ஹிஜாப்'. முகத்தையும் மறைக்கும் 'வ்வால் அந்தெக்ரால்' என்பது 'ஃபுல்-ஃபேஸ் வெயில்', 2010 அக்டோபர் 11 சட்டம் பேசுவது அதைப் பற்றி. 'இண்டெக்ரல் வெயில்' என்று ஒன்று இல்லை.

தேம்_திருத்தி

முத்திரை சொன்ன மேற்கோள் குறி வழி சேந்தேஸுக்குச் சரி. ப்ரெப்பா (பாக் முடித்தபின் போட்டித் தேர்வுக்கான ஆயத்த வகுப்பு) போகிற பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை: தேமில் (பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது) அது செல்லாது. அங்கே மொழிபெயர்க்காமல் விட்ட சொல் 'நோன் த்ராத்யூயி' என்று கணக்கிடப்படும், தவறான சொல்லைவிட அதற்குத் தண்டனை அதிகம். 'லா லாயிசிதே' என்று வந்தால் 'செக்யுலரிசம்' எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதே நல்லது.

'கொமுனோத்தாரிஸ்ம்' (ஒரு சமூகத்தவர் தங்களுக்குள்ளேயே ஒதுங்கிக்கொள்வது) இன்னும் மோசம். 'கம்யூனிட்டேரியனிசம்' ஆங்கிலத்தில் ஒரு அரசியல் தத்துவத்தின் பெயர், அதுவும் நல்ல அர்த்தத்தில். பிரெஞ்சு நாளிதழ் குறைகூறும் தொனியில் எழுதினால் சூழலுக்கு ஏற்றபடி 'செல்ஃப்-செக்ரிகேஷன்' அல்லது 'ஐடென்டிட்டி பாலிடிக்ஸ்'. இரண்டும் முழுப் பொருத்தம் இல்லை, ஆனால் வாசிப்பவருக்குப் புரியும்.

ஒலிவடிவம்

எல்லாரும் எழுத்தையே பேசுகிறீர்கள். வாய்மொழியிலும் கேட்டல் பயிற்சியிலும் இந்தச் சொற்கள் காலை வாரும்.

முதல் இடம் 'ஃபெய்த்'. கடைசி ஒலிக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வந்து காற்று கசிய வேண்டும். பிரெஞ்சுப் பழக்கத்தில் அது 'ஃபேஸ்' ஆகும், அதாவது முகம். தமிழ் 'த்' போட்டால் காற்று அடைபட்டு 'ஃபேட்' பக்கம் சாயும், அதாவது விதி. நம் பிள்ளைகளிடம் இரண்டும் வரும். 'ஏதியிஸ்ட்', 'தியாலஜி', 'கத்தோலிக்' மூன்றிலும் அதே ஒலிதான். 'ஏதியிஸ்ட்'டுக்கு அழுத்தம் முதல் அசையில்.

'கத்தோலிக்'கில் அழுத்தம் முதல் அசை, 'கத்தோலிசிசம்' என்றவுடன் இரண்டாம் அசைக்கு நகரும். 'ரிலிஜன்' இரண்டாம் அசை. பிரெஞ்சு போலக் கடைசி அசையில் ஏறினால் கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாது.

'ப்ரேர்', பிரார்த்தனை, வாயில் ஏறத்தாழ ஒரே அசை. 'ப்ரேயர்' என்று இழுத்தால் பிரார்த்திக்கும் ஆள். 'க்ரைஸ்ட்'டில் நெடிய 'ஐ', 'கிறிஸ்டியன்', 'கிறிஸ்மஸ்' இரண்டிலும் குறில். 'கிறிஸ்மஸ்' எழுத்தில் உள்ள டி ஒலிக்காது. 'பைபிள்' என்பதை 'பீப்ள்' என்றால் மக்கள் என்று கேட்கும். 'சாம்', திருப்பாடல், தொடக்கத்தில் உள்ள பி-யும் நடுவில் உள்ள எல்-உம் ஒலிக்காது. 'ஹிம்', துதிப்பாடல், கடைசி என் ஒலிக்காது, 'அவனை' என்ற சொல்லோடு முழுக்க ஒத்துப்போகும். 'மங்க்', துறவி, 'மோங்க்' அல்ல. 'க்வயர்', பாடகர் குழு, எழுத்தைப் பார்த்து ஊகிக்கவே முடியாது. 'ஹெவன்', 'ஹெல்', 'ஹோலி' மூன்றிலும் ஹ கட்டாயம்.

கேட்டலில் ஒரு பொறி: அமெரிக்க ஒலிப்பதிவுகளில் 'நன்ஸ்' அதிகரிக்கிறார்கள் என்று வரும். கன்னியர் மடங்கள் நிரம்புகின்றன என்று எழுதிவிடக் கூடாது. எந்த மதமும் இல்லை என்று கருத்துக்கணிப்பில் பதில் சொல்பவர்களையும் அங்கே 'நன்ஸ்' என்றுதான் சொல்வார்கள், உச்சரிப்பில் வேறுபாடே கிடையாது. அருகில் 'சர்வே', 'பர்செண்ட்', 'யங் அடல்ட்ஸ்' வந்தால் மதமற்றவர்கள். 'கான்வென்ட்', 'ஹேபிட்' (துறவாடை) வந்தால் கன்னியர்.

கடலோரம்

பாடமாக்கும் முறைக்கு ஒரு யோசனை. அட்டையில் தனிச்சொல் எழுத வேண்டாம். முன்பக்கம் பிரெஞ்சில் நான்கைந்து சொல் உள்ள தொடர், பின்பக்கம் ஆங்கிலத் தொடர் முழுதாக, ஆர்ட்டிகிளோடு, பெரிய எழுத்தோடு, வேற்றுமைச் சொல்லோடு. 'சே கொன்வெர்த்தீர் ஆ லிஸ்லாம்', 'கன்வர்ட் டு இஸ்லாம்'. 'அசிஸ்தே ஆ லா மெஸ்', 'அட்டெண்ட் மாஸ்'. 'மோந்தே ஓ சியேல்', 'கோ டு ஹெவன்'. 'ரெகார்தே ல சியேல்', 'லுக் அட் த ஸ்கை'. கடைசி இரண்டையும் ஒரே அட்டையில் போட்டால்தான் ஒரே பிரெஞ்சுச் சொல் இரண்டாகப் பிரிவது மனதில் நிற்கும். நாற்பது அட்டை தாராளம். இருநூறு சொல் பட்டியலில் பாதியைப் பரீட்சையில் எழுதச் சந்தர்ப்பமே வராது. 'சென்சர்' (தூபக்கலசம்), 'சாலிஸ்' (திருப்பலிக் கிண்ணம்) எல்லாம் வெர்சியோனில் சூழலை வைத்து ஊகிக்கலாம்.

நம்பிக்கை என்ற பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், பட்டியல்கள் தேவாலயத்தோடு நின்றுவிடுகின்றன. 'போர்த்தே மலேர்', 'ப்ரிங் பேட் லக்', 'எ' சேராது. 'தூஷே த்யூ ப்வா', பிரிட்டனில் 'டச் வுட்', அமெரிக்காவில் 'நாக் ஆன் வுட்'. 'ஜெத்தே ஆன் சோர்', 'காஸ்ட் எ ஸ்பெல்'. இன்றைய அமெரிக்காவில் உள்ள சேலம் ஊரின் 1692 சூனிய விசாரணைகள் பற்றிய பகுதி வந்தால் 'விட்ச் ட்ரையல்ஸ்', 'டு பி அக்யூஸ்ட் ஆஃப் விட்ச்க்ராஃப்ட்', 'டு பி ஹேங்ட்'. தூக்கிலிடப்பட்டவருக்கு 'ஹேங்ட்', சுவரில் தொங்கும் படத்துக்கு 'ஹங்'.

வெண்மதி93

இந்த முறையில் ஒரு வசனம் குடுத்துப் பார்த்தன். பிரெஞ்சில்: அவன் இப்ப 'பிராத்திக்கான்' இல்லை எண்டாலும் 'சா க்ரான்-மேர்' கூட நத்தார்ப் பூசைக்குப் போறான். பிள்ளை எழுதினது: 'ஆல்தோ ஹி இஸ் நோ லாங்கர் எ ப்ராக்டிசிங் கத்தோலிக், ஹி அட்டெண்ட்ஸ் த கிறிஸ்மஸ் மாஸ் வித் ஹெர் க்ராண்ட்மதர்.' 'அட்டெண்ட்ஸ்' சரியா வந்திட்டுது. மிச்சம்?

தேம்_திருத்தி

நல்ல முன்னேற்றம். இரண்டு திருத்தம்தான். 'ஹெர்' தவறு: பிரெஞ்சு 'சா' பாட்டியின் பாலைப் பார்க்கிறது, ஆங்கிலம் பேரனின் பாலைப் பார்க்கிறது, எனவே 'ஹிஸ்'. 'த' எடுத்துவிடலாம், 'கிறிஸ்மஸ் மாஸ்' ஆர்ட்டிகிள் இல்லாமலே நிற்கும், குறிப்பிட்ட ஒரு பூசையைச் சுட்டினால் ஒழிய. 'கத்தோலிக்' என்று சேர்த்துக்கொண்டது சரி, பூசை என்ற சொல்லே அதை உறுதிசெய்கிறது. 'மாஸ்' பெரிய எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் தாளைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.